பெஹாலாவில் ஒரு சிவப்புக் கோடு

1

போன வாரம் கூரியரில் ஒரு சான்றிதழ் வந்தது. தடித்த தாள், தங்க நிற விளிம்பு, கீழே டெல்லி முத்திரை. நகரப் போக்குவரத்து பற்றிய கூட்டு ஆய்வில் என்னுடைய 'மதிப்புமிக்க பங்களிப்புக்கு' தேசியப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு நன்றி சொல்லியிருந்தது. என் பெயர் ரேவதி. தாளில் ரேபதி என்று இருந்தது. வங்காளிகள் வாயில் என் பெயர் அப்படித்தான் வரும் என்பது இங்கே வந்த முதல் மாதமே தெரிந்த விஷயம். இருபத்திரண்டு வருஷமாக நான் ரேபதிதான். ஆனால் டெல்லியும் அப்படியே அச்சடித்திருக்கிறது என்றால், இங்கிருந்து போன பட்டியலை அங்கே ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

"மா, ஃப்ரேம் போட்டு மாட்டலாமா?" என்று கேட்டாள் என் மகள் கயல். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். கேட்டது கிண்டல் என்று தெரிந்தும் எனக்குச் சுருக்கென்றது. தாளை வாங்கிக்கொண்டு போய் அடுப்படியில் எண்ணெய்த் தூக்குக்கு அடியில் வைத்தேன். வழுவழுப்பான தாள். எண்ணெயைக்கூட உறிஞ்சவில்லை.

அதற்குள் கயல் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டுவிட்டாள். திண்டுக்கல்லிலிருந்து அண்ணன், மதுரையிலிருந்து அத்தை மகள், திருப்பூரிலிருந்து யார் யாரோ ஆளாளுக்குக் கைதட்டும் பொம்மையை அனுப்பினார்கள். "சென்ட்ரல் கவர்மெண்டு சர்டிபிகேட்டாம்ல? சும்மாவா!" என்று அண்ணன் போனிலும் வந்துவிட்டான். நான் "ஆமாண்ணே" என்று சொல்லிப் போனை வைத்தேன்.  இந்தச் சான்றிதழை எதற்காகக் கொடுத்தார்கள் என்று ஊரில் இருக்கிற நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நான் திண்டுக்கல்காரி. பாங்கில் வேலை பார்த்த கணவரோடு கல்யாணம் முடிந்த கையோடு கொல்கத்தா வந்தேன். மூன்று வருஷத்தில் மாற்றல் வாங்கிவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார். மாற்றல் வந்தது, இதே ஊரில் பெஹாலா கிளையிலிருந்து லேக் கார்டன்ஸ் கிளைக்கு. அதன் பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

புள்ளியியல் படித்திருந்ததால் எனக்கு சால்ட் லேக்கில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. களப்பணி மேற்பார்வையாளர் என்பது பதவியின் பெயர். வெயிலில் நின்று போகிறவர் வருகிறவரிடம் கேள்வி கேட்டு எழுதுவதுதான் வேலை. ஒப்பந்தம் பதினொரு மாதம். ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்துவிட்டு மறுபடி பதினொரு மாதம். பத்து வருஷமாக நான் அந்த ஆபீசில் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருக்கிறேன்.

கயல் என்று நாங்கள் ஆசையாக வைத்த பெயரைத் தெருவே சேர்ந்து கோயல் ஆக்கிவிட்டது. இங்கே அது குயில். மீனைப் பறவையாக்கிவிட்டார்கள், அவளும் சரி என்றுவிட்டாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள், சண்டை மட்டும் வங்காளத்தில்தான் போடுவாள். அதில் அவளுக்கு வார்த்தைக்குத் தட்டுப்பாடே இல்லை. எனக்குத்தான் பாதியில் நின்றுபோகும்.

பெஹாலாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து டாலிகஞ்ச் மெட்ரோ வரை ஆட்டோவில் போவேன், அங்கிருந்து மெட்ரோ. ஆட்டோ என்றதும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வரும் நம்மூர் ஆட்டோவை நினைக்காதீர்கள். இங்கே ஆட்டோ என்பது குட்டி பஸ். பின்னால் மூன்று பேர், முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒருவர், நாலு பேர் சேர்ந்தால் கிளம்பும். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே பாதை. அதற்கு லைன் என்று பெயர். எந்தெந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று ஒவ்வொரு வண்டியின் பர்மிட்டிலும் எழுதியிருக்கும்.

எங்கள் லைனில் பாபி என்று ஒரு டிரைவர். நாற்பதைத் தாண்டியவர். கயல் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் தப்பான இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அழுதுகொண்டிருந்தாள். வண்டியில் இருந்த சவாரிகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். அன்றிலிருந்து நான் அவருக்கு பௌதி, அதாவது அண்ணி. கயலுக்கு அவர் பாபி காக்கு, சித்தப்பா; சவாரிகளுக்கு தாதா, அண்ணன். திண்டுக்கல்லில் இருக்கும் சொந்தச் சித்தப்பாவை அவள் மூன்று முறைதான் பார்த்திருக்கிறாள்.

3

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கூட்டு ஆய்வு வந்தது. நகரத்து ஜனங்கள் எப்படிப் போகிறார்கள், எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது திட்டம். ஒரு பல்கலைக்கழகம், செல்போனில் வண்டி பிடித்துத் தரும் ஒரு கம்பெனி, எங்கள் நிறுவனம் என்று மூன்று பேர். இந்த மூன்று பேரும் ஒருவருக்கொருவர் துண்டுக் காகிதம்கூடத் தர மாட்டார்கள். அதனால் நடுவில் டெல்லியின் ஒழுங்குமுறை அமைப்பு. ரெகுலேட்டர் என்றுதான் நாங்கள் சொல்வோம். எல்லாத் தகவலும் அவர்களுடைய கணினிக்குப் போகும், அங்கிருந்து அவரவர் எடுத்துக்கொள்ளலாம். விதி போடுகிறவர்கள் ஒரு தடவையாவது தெருவைப் பார்த்துவிட்டுப் போடட்டுமே என்று நான் சந்தோஷப்பட்டேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

ரெகுலேட்டர் சார்பில் வந்தவர் ஸ்ரீதர். திருச்சிக்காரர், டெல்லியில் பெரிய பதவி. முதல் கூட்டத்தில் நான் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசியதுமே கண்டுபிடித்துவிட்டார்.

"நீங்க மதுரைப் பக்கமா மேடம்?"

"திண்டுக்கல் சார்."

"அதானே பாத்தேன். இங்க்லீஷ்லயும் நம்மூரு கேக்குது" என்று சிரித்தார். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நாங்க இதுல போலீஸ் மாதிரி வரல. கூட ஒக்காந்து கத்துக்கத்தான் வந்திருக்கோம். நீங்க தைரியமா வேல பாருங்க."

ஆபீசில் தமிழ் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! நான் உருகிப்போனேன். மறுநாள் விடியற்காலையில் எழுந்து புளி காய்ச்சி, புளியோதரை கிளறி, டப்பாவில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வெளியூரில் ரொம்ப நாள் இருந்தவர்கள் செய்யும் பைத்தியக்காரத்தனம் இது. தமிழ் பேசுகிறவர் எல்லாம் நம் ஆள் என்று நினைத்துவிடுவது.

என் பங்கு வேலை, எங்கள் லைனில் பன்னிரண்டு ஆட்டோக்களில் உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டியைப் பொருத்துவது. வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று அது நொடிக்கு நொடி டெல்லிக்குச் சொல்லும். டிரைவர்கள் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒப்புதல் படிவம் இரண்டு பக்கம். டெல்லியில் யாரோ வங்காளத்தில் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார்கள்; வங்காளிகளே இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்கள். 'தகவல்கள் போக்குவரத்து மேம்பாட்டுக்காகக் கூட்டாளி அமைப்புகளுடன் பகிரப்படும்' என்று அதில் ஒரு வரி இருந்தது. நான் அதைத்தான் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

பாபி கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் வங்காளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"பௌதி, இந்தக் காகிதம் எனக்குப் புரியல. நீங்க சொல்லுங்க. இதால எங்களுக்கு ஏதாவது தொந்தரவு வருமா?"

"ஒரு தொந்தரவும் வராது. நான் பொறுப்பு."

அந்தப் படிவத்தில் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவும் சொல்லவில்லை. கையெழுத்து ஆக வேண்டுமே என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். பாபி கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதைப் பார்த்து மற்ற பதினோரு பேரும் போட்டார்கள். சாயங்காலம் ஆபீசில் டைரக்டர் என்னைத் தட்டிக்கொடுத்தார்.

4

பெஹாலாவில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தாழ்ந்த தெருக்கள். ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், சாக்கடையும் குளமும் தெருவும் ஒன்றாகிவிடும். பர்மிட்டில் எழுதியிருக்கும் தெருதான் அதில் முதலில் முங்கும்.

அதற்கு எங்கள் லைன்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரைப் பார்த்துவிட்டு எதிரே வருகிற டிரைவர் கையை வெளியே நீட்டி வண்டியின் பக்கவாட்டில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர் கணுக்கால் வரை, போகலாம். இரண்டு தட்டு என்றால் உள்ளே போகாதே, பள்ளிக்கூடத்துச் சந்து வழியாகச் சுற்று. அந்தச் சந்து பர்மிட்டில் இல்லை. ஆனால் மேடு. இரண்டு தட்டுக் கேட்டதும் வண்டிக்குள் இருப்பவர்களே "சந்து, சந்து" என்பார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. யாரும் நனைவதும் இல்லை.

எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்கக் குடையும் நோட்டுமாகச் சந்து முனையில் நின்றேன். எந்த நாள், எந்த நேரம், தண்ணீர் எவ்வளவு, யார் தட்டினார், எந்த வண்டி சந்தில் திரும்பியது என்று ஒன்று விடாமல் எழுதினேன். பெட்டி அனுப்பிய பாதையோடு என் நோட்டை ஒப்பிட்டு, வரைபடத்தில் சந்தைப் பச்சைக் கோடாகப் போட்டு, ஓரத்தில் 'தண்ணீர்' என்று காரணமும் எழுதினேன். ஒவ்வொரு கோட்டிலும் வண்டி எண்ணைக்கூடக் குறித்தேன். அவ்வளவு சிரத்தை. கூட்டத்தில் அந்தப் பச்சைக் கோடுகளைத் திரையில் காட்டியபோது பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுந்து கைதட்டினார்கள். மழையைச் சமாளிக்கும் மக்களின் அறிவு என்று ஒருவர் சொன்னார். ஸ்ரீதர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்.

என் அப்பா திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தார். வண்டி வந்ததும் கண்டக்டர் டிரிப் ஷீட்டை நீட்டுவார், அப்பா நேரத்தைப் போட்டுக் கையெழுத்துப் போடுவார். தேர் ஓடுகிற நாளிலும் வெள்ளம் வந்த நாளிலும் வண்டிகள் வேறு தெருவில் சுற்றித்தான் வரும். குறிப்பு எழுதும் கட்டத்தில் 'மழை, மாற்று வழி' என்று அப்பா எழுதுவார். கதை அதோடு முடிந்தது. அவர் ஒன்றும் மகாத்மா இல்லை. பிரைவேட் பஸ்காரர்கள் வாங்கிக் கொடுத்த புரோட்டாவை வேண்டாம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு ஒரு டிரைவரை மாட்டிவிட்டதில்லை. ஏன் என்று கேட்டு எழுத ஒரு கட்டம் இருந்தது, எழுத ஓர் ஆளும் இருந்தார். என் வரைபடத்தில் ஓரத்தில் எழுதியபோது நானும் அதைத்தான் செய்வதாக நினைத்துக்கொண்டேன்.

5

இந்த வருஷக் கோடையில் பன்னிரண்டு பேருக்கும் நோட்டீஸ் வந்தது. பர்மிட் இல்லாத தெருவில் தொடர்ந்து வண்டி ஓட்டியதற்காக உங்கள் பர்மிட்டை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டு. டெல்லி ரெகுலேட்டர் தன்னிடம் சேர்ந்த தகவலைப் பார்த்து, நடவடிக்கைக்காக என்று இங்குள்ள பர்மிட் ஆபீசுக்கு அனுப்பியிருந்தது.

பாபி நோட்டீஸைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. பின்னால் ஒரு வரைபடம் இணைத்திருந்தார்கள். என்னுடைய வரைபடம். நான் போட்ட பச்சைக் கோடுகளைச் சிவப்பாக மாற்றியிருந்தார்கள். வண்டி எண்கள் அப்படியே இருந்தன. ஓரத்தில் நான் எழுதியிருந்த 'தண்ணீர்' மட்டும் இல்லை. அந்தப் பகுதியை வெட்டிவிட்டிருந்தார்கள்.

"இது நீங்க போட்ட படம்தானே?" என்று கேட்டார்.

"ஆமா."

"ரத்து பண்ணிடுவாங்களா? இந்த பர்மிட்ட விட்டா எனக்கு வேற ஒண்ணுமில்ல."

நோட்டீஸை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கயல் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மா, காக்கு உன்னப் பாத்துதான் ஸைன் பண்ணாரு. டெல்லியப் பாத்தா பண்ணாரு?" என்றாள். பிறகு வங்காளத்துக்கு மாறிவிட்டாள். அதில் அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு வார்த்தைகூட அநியாயமில்லை.

மறுநாள் ஆட்டோ ஸ்டாண்டில் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் ஏற்றிக்கொண்டார்கள், இடம் தர மறுக்கவில்லை. ஆனால் "பௌதி, பாத்து ஏறுங்க" என்று யாரும் சொல்லவில்லை. "மேடம், தள்ளி உக்காருங்க" என்றார் ஒருவர். அதன் பிறகு அந்த லைனில் எல்லோருக்கும் நான் மேடம் ஆகிவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே உறவுமுறை பௌதிதான். வெளியூர்க்காரி என்று ஒரு நாளும் தோன்றாமல் இருந்த எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

ஆபீசில் டைரக்டரிடம் போனேன். அவர் கையைப் பிசைந்தார். "ரேபதி, நம்ம வேலை தகவல் சேர்க்கிறது. அத என்ன பண்றாங்கங்கறது ரெகுலேட்டர் விஷயம். ஆய்வோட இரண்டாம் கட்டத்துக்குக் கையெழுத்தாகப் போகுது. இப்ப போயி எதுவும் பேசாதீங்க" என்றார். நல்ல மனிதர் என்று பத்து வருஷமாக நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஆள்.

6

விசாரணைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். பர்மிட் ஆபீசில் ஒரு நீள பெஞ்சில் பன்னிரண்டு பேரும் துவைத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாபி என்னைப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

உள்ளே பர்மிட் அதிகாரி, அவர் பக்கத்தில் ஸ்ரீதர். மேஜைமேல் லாப்டாப், அதில் என் வரைபடம். பாபியின் பெயரைக் கூப்பிட்டதும் நானும் கூடவே போய் நின்றேன்.

"இவர்களுக்கு எந்தத் தொந்தரவும் வராது என்று வாக்குக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியது நான்" என்று அதிகாரியிடம் சொன்னேன். வங்காளத்தில் ஆரம்பித்தேன், பதற்றத்தில் பாதியில் இந்திக்கு வந்து, ஆங்கிலத்தில் முடித்தேன்.

அதிகாரி ஸ்ரீதரைப் பார்த்தார். ஸ்ரீதர் படிவத்தைத் திருப்பி அந்த ஒரு வரியைக் காட்டினார். போக்குவரத்து மேம்பாட்டுக்காகப் பகிரப்படும். விதி மீறலைச் சரிசெய்வதும் மேம்பாடுதானே என்றார். இந்தம்மா வாயால் சொன்னது படிவத்தில் இல்லை என்றார்.

பையிலிருந்து என் நோட்டை எடுத்தேன். "சரி. இவர்கள் சந்தில் திரும்பிய ஒவ்வொரு நாளும் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று இதில் இருக்கிறது. பாருங்கள்" என்று நீட்டினேன்.

அதிகாரி கையை நீட்டினார். ஸ்ரீதர் தடுத்துவிட்டார்.

"அது ஆய்வுக் குறிப்பு, சார். ஆய்வுக்காகச் சேர்த்த தகவலை நடவடிக்கையில் பயன்படுத்தக் கூடாது. நெறிமுறைக் குழுவின் நிபந்தனை."

"அப்போ வண்டி போன பாதை?" என்று கேட்டேன்.

"அது பெட்டி கொடுத்தது. பெட்டி எங்களுடையது."

நான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சமாவது கூச்சம் இருக்குமா என்று தேடினேன். இல்லை. சரியாகத்தான் சொல்கிறோம் என்கிற நிம்மதி இருந்தது.  மாட்டிவிடுகிற பாதிக்கு அவர்கள் ரெகுலேட்டர். காப்பாற்றுகிற பாதி வந்தவுடன் ஆய்வாளர். இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள்தான் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி நோட்டை வாங்கவில்லை. அவருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. பர்மிட் ரத்து இல்லை, எச்சரிக்கை மட்டும் என்றார். ஆனால் பன்னிரண்டு பேரும் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தக் காரணத்தைக் கொண்டும் பர்மிட்டில் குறித்த தெருவை விட்டு விலக மாட்டேன், பெட்டியைக் கழற்ற மாட்டேன், ஒரு முறை விலகினாலும் பர்மிட் போகும் என்று சம்மதிக்கிறேன். தயாராக டைப் செய்து வைத்திருந்தார்கள். பாபி வாசித்தார். இந்த முறை காகிதம் என்ன சொல்கிறது என்று என்னிடம் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் ஸ்ரீதர் என் பின்னாலேயே வந்தார். தமிழில் ஆரம்பித்தார்.

"மேடம், கோபப்படாதீங்க. மேலேருந்து ரத்து பண்ணச் சொல்லித்தான் வந்துது. நான்தான் பேசி எச்சரிக்கையோட முடிச்சேன். நம்ம ஊர்க்காரங்க சம்பந்தப்பட்டிருக்காங்களேன்னு."

"நான் உங்ககிட்ட கேக்கலியே சார்."

"கேக்கணுமா? நீங்க கொண்டு வந்த புளியோதரைய நான் இன்னும் வீட்ல சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அத உங்களுக்குக் குடுத்திருக்க வேணாம்" என்றேன். அவர் சிரித்தார், நான் ஏதோ தன்னடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு. அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்முன் நிற்கிறது.

நீங்கள் கேட்பீர்கள், வேலையை விட்டாயா என்று. விடவில்லை. கடிதம் எழுதி வைத்தேன், கொடுக்கவில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் பதினொரு மாதம் முடிகிறது, அதுவாக முடியட்டும் என்று காத்திருக்கிறேன். டெல்லிமேல் எவ்வளவு அருவருப்போ அதில் பாதி எனக்கு என்மேலும் இருக்கிறது. இரண்டாம் கட்டத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் எல்லோருக்கும் சான்றிதழ்.

7

நேற்று முன்தினம் காலையில் நல்ல மழை. கயலும் நானும் ஸ்டாண்டுக்குப் போனபோது வரிசையில் முதலில் நின்றது பாபியின் வண்டி. பின்னால் ஒரு மீன்காரம்மா கூடையோடு ஏறியிருந்தார், முன்னால் ஆபீசுக்குப் போகும் ஒருவர். நாங்கள் ஏறியதும் பாபி வண்டியை எடுத்தார். கயல் "காக்கு" என்றாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

சந்து முனைக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே வந்த ஆட்டோ நின்றது. அதன் டிரைவர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். கையை வெளியே நீட்டித் தட்டினார். தட். தட்.

"சந்து, சந்து" என்றார் மீன்காரம்மா.

பாபி வண்டியைத் திருப்பவில்லை.

"தாதா, சந்துல விடுங்க, எனக்கு நேரமாச்சு" என்றார் முன்னால் இருந்தவர்.

"பர்மிட்டில் அந்தச் சந்து இல்ல, தாதா" என்றார் பாபி. குரலில் கோபம் எதுவும் இல்லை. நேராகத் தெருவுக்குள் இறக்கினார்.

முதலில் சக்கரத்தின் பாதி வரை இருந்தது. பத்தடி போனதும் தண்ணீர் வண்டிக்குள் வந்தது. சாக்கடைத் தண்ணீர், கறுப்பாக, ஒரு நாற்றத்தோடு, என் செருப்பையும் கயலின் புத்தகப் பையையும் நனைத்துக்கொண்டு போயிற்று. மீன்காரம்மா கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பாபியின் பரம்பரையைத் திட்ட ஆரம்பித்தார். என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது.

பாபி சாவியைத் திருப்பிப் பார்த்தார். பலனில்லை. பிறகு இத்தனை மாதத்தில் முதல் தடவையாக முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கம்பியில் பொருத்தியிருந்த கறுப்புப் பெட்டியில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"லைன்லதான் இருக்கேன், மேடம். எழுதிக்குங்க" என்றார்.

கயல் முதலில் இறங்கினாள். நானும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு மேலே இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக நின்று வண்டியைத் தள்ளினோம். பாபி முன்னால் கைப்பிடியைப் பிடித்துத் தண்ணீரில் நடந்தார், பர்மிட்டில் எழுதியிருக்கும் தெரு வழியாகவே. நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் பெட்டி பொருத்திய மற்ற வண்டிகளும் ஆள் நிறைந்து ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.